இனியனுக்கும் சேர்த்துத் தின்ற வல்லூறு

அல்லிநகரத்தில் வேல்பாண்டி வீட்டுக் கொல்லைச் சுவரில் உட்கார்ந்து ஒரு வல்லூறு ஓணான் ஒன்றைத் தின்று முடித்தபோது, பின்வாசலில் தாயின் மார்போடு ஒட்டிக் கிடந்த அவன் மகன் இனியனின் எடை அந்த ஓணானின் அளவுக்குக் கூடியது. தை மாதம், செவ்வாய்க்கிழமை, காலை வெயில் சுவரில் பாதி வரை இறங்கியிருந்த நேரம். போடிக்கு மறுபடியும் ரயில் ஓடத் தொடங்கியதற்கு அடுத்த வருஷம். அந்த வாரம் தேனிச் சந்தையில் முருங்கைக்காய் விலை ஏறிக் கிடந்ததால் தெருவில் எல்லோரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். ஓணான் விஷயம் வெளியே தெரிய இன்னும் சில வாரங்கள் ஆயின.

இனியன் மாதம் நிறையும் முன்பே பிறந்தவன். அவன் தாய் யுவராணிக்கு எட்டாம் மாதம் தொடங்கியதும் ரத்தக்கொதிப்பு ஏறிவிட்டது. க.விலக்கில் உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் அவசரமாக அறுவை செய்து குழந்தையை எடுத்து, கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றிக் கையில் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்தபோது அவன் ஒன்றே முக்கால் கிலோகூட இல்லை. வேல்பாண்டியின் உள்ளங்கையில் தலை இருந்தால் கால் முழங்கையைத் தொடாது. தாயின் சூட்டிலேயே வைத்திருங்கள், இரண்டு கிலோவைத் தாண்டிவிட்டால் பயமில்லை, குறைந்தால் உடனே கொண்டு வாருங்கள் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். யுவராணியின் தகப்பனார் ஜெயமங்கலத்தில் பக்கவாதத்தில் படுத்திருந்தார். அவரைப் பார்த்துக்கொள்ள அவள் அம்மா ஒருத்திதான். ஆகவே பிள்ளை வளர்க்கும் பாடு முழுக்க அல்லிநகரத்து வீட்டில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் தலையில் விழுந்தது. வேல்பாண்டி கடைகளுக்கும் வீடுகளுக்கும் சிசிடிவி கேமரா பொருத்துகிறவன். யுவராணி பிரசவத்துக்கு முன்னால் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். ஒருவரைத் திரும்பப் பார்த்தால் பேர் ஞாபகம் வராது, கண் ஞாபகம் வரும் அவளுக்கு.

வேல்பாண்டி பழக்கடைகளில் வைத்திருப்பது மாதிரி ஒரு எலக்ட்ரானிக் தராசு வாங்கி வந்து, மேலே துணி விரித்து, காலையில் ஒரு தடவை மகனை நிறுத்துவதை வழக்கமாக்கியிருந்தான். அந்தச் செவ்வாய்க்கிழமை காலையிலும் நிறுத்தாயிற்று. எடை முந்தின நாள் போலவே இருந்தது. யுவராணி குழந்தையைச் சேலைக்குள் மார்போடு கட்டிக்கொண்டு பின்வாசலில் வெயிலுக்கு உட்கார்ந்தாள். திடீரென்று கொல்லையில் அணில்கள் கத்துவதை நிறுத்தின, தவிட்டுக்குருவிகள் செம்பருத்திச் செடிக்குள் போய் ஒடுங்கின. சாம்பல் முதுகுள்ள சின்னப் பறவை ஒன்று இரண்டு வீடுகளுக்கு நடுவில் தாழப் பறந்து வந்து சுவரில் இறங்கியது. அதன் காலில் ஓணான் தொங்கியது. பறவை கிழித்துக் கிழித்து விழுங்கும்போதெல்லாம் தன் மார்பில் கிடந்த குழந்தையின் தொண்டையும் ஏறி இறங்குவதை யுவராணி உணர்ந்தாள். அவன் அப்போது பால் குடிக்கவில்லை. கண்ணை மூடி, வெறும் வாயை மென்றுகொண்டிருந்தான். பறவை அலகைச் சுவரில் தேய்த்துவிட்டுப் போனதும் அவன் ஏப்பம் விட்டான். அவளுக்கு என்னவோ போல் இருந்தது. எழுந்து போய் மறுபடியும் தராசில் போட்டாள்.

"ஏங்க, இங்கன வாங்க. இப்பத்தானே போட்டோம், அதுக்குள்ள எப்படி ஏறும்?"

"மிஷினு கோளாறா இருக்கும்" என்று வேல்பாண்டி சீனிப் பொட்டலத்தை எடுத்துப் போட்டுப் பார்த்தான். ஒரு கிலோ சரியாக ஒரு கிலோ காட்டியது. பொட்டலத்தைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பறவை ஒரு தவிட்டுப்புறாவைக் கொண்டுவந்து, இறகையெல்லாம் பிய்த்துக் கொல்லை முழுக்கப் பறக்கவிட்டு, நிதானமாக உட்கார்ந்து தின்றது. அன்று இனியன் ஒரே காலையில் ஒரு வாரத்துக்குக் கூட வேண்டிய எடையைக் கூட்டினான். அதன் பிறகுதான் யுவராணி புருஷனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. மறுநாள் வேலைக்குப் போகாமல் அவளோடு பின்வாசலில் உட்கார்ந்தான். பறவை சுண்டெலி ஒன்றை விழுங்கியதையும் மகன் தொண்டை அசைந்ததையும் பார்த்தான், தராசில் போட்டான். சுண்டெலி அளவுக்குத்தான் கூடியிருந்தது. சுவருக்குப் பின்னால் போய் முந்தின நாள் புறா இறகுகளைப் பொறுக்கி நிறுத்திப் பார்த்து, பறவை தின்னாமல் விட்டது கணக்கில் சேராது என்றும் தெரிந்துகொண்டான். இரண்டு பேரும் இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். சொல்லிக் கெட்டுப்போனால் என்ன செய்வது என்ற பயம் ஒன்று, சொன்னால் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம் ஒன்று.

அந்தச் சமயத்தில்தான் வேல்பாண்டியின் அக்கா சொர்ணலதா தேவதானப்பட்டியிலிருந்து உதவிக்கு வந்து சேர்ந்தாள். தனியாளாக நாட்டுக்கோழி வளர்த்து மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தவள். குஞ்சு பொரிக்கும் காலத்தில் தரையைப் பார்த்து நடக்க மாட்டாள், வானத்தைப் பார்த்தே நடப்பாள் என்று ஊரில் சொல்வார்கள். வந்த மறுநாள் காலையில் பின்வாசலில் யுவராணியும் குழந்தையும் உட்கார்ந்திருக்க, சுவரில் அந்தப் பறவை இறங்கியதைப் பார்த்தாள். பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் கையிலிருந்த செம்பை அப்படியே விட்டெறிந்தாள். பறவை தப்பித்துவிட்டது, சுவரில் காரை பெயர்ந்தது.

"ரெண்டு கிலோ தேறாத புள்ளைய வச்சுக்கிட்டு இப்படியா வெட்டவெளியில உக்காருவ? கோழிக்குஞ்சத் தூக்குற கழுத இதத் தூக்குறதுக்கு எம்புட்டு நேரம் ஆகும்?"

அன்று மத்தியானத்துக்குள் சொர்ணலதா வீட்டில் கிடந்த பழைய சிடி தட்டுகளையெல்லாம் நூலில் கோத்து முருங்கை மரத்திலும் கொடிக்கயிற்றிலும் கட்டித் தொங்கவிட்டாள். கறுப்பு பிளாஸ்டிக் பைகளைக் காக்கை மாதிரி முடிச்சுப் போட்டுச் சுவர் நெடுகக் கம்பிகளில் செருகினாள். காற்று வந்தால் கொல்லை முழுக்க மினுக்கென்று வெளிச்சம் அலைந்தது. தேவதானப்பட்டியில் கோழிகளைக் காப்பாற்றிய வித்தை, இங்கேயும் பலித்தது. வல்லூறு வரவில்லை.

இனியன் எடை கூடவில்லை. முதலில் நின்றது, பிறகு குறைந்தது. பால் கொடுத்தால் நாலு இழு இழுத்துவிட்டுத் தூங்கிப்போனான். காலின் தோல் தொளதொளவென்று ஆனது. க.விலக்குக்குக் கொண்டு போனபோது டாக்டரம்மா அவனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நன்றாகத்தானே ஏறிக்கொண்டிருந்தான், என்ன மாற்றினீர்கள் என்று கேட்டார். இந்த வாரம் பார்ப்போம், ஏறாவிட்டால் உள்ளே சேர்த்துக் குழாய் வழியாகப் பால் கொடுக்க வேண்டிவரும் என்றார். வீட்டுக்கு வந்ததும் அடுப்படியில் கழுவாத பாத்திரங்களுக்கு நடுவில் நின்று யுவராணி எல்லாவற்றையும் மதினியிடம் சொன்னாள். ஓணானைச் சொன்னாள், புறாவைச் சொன்னாள், தொண்டை ஏறி இறங்கியதைச் சொன்னாள். சொர்ணலதா கேட்டு முடித்துச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏத்தா, இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நம்பியிருப்பீகளா மதினி?"

"நம்புறேனோ இல்லையோ, செம்ப எறிஞ்சிருக்க மாட்டேன்."

அவள் அப்போதே கொல்லைக்குப் போய்ச் சிடி தட்டுகளை ஒவ்வொன்றாக அறுத்து இறக்கினாள். பிளாஸ்டிக் காக்கைகளைப் பிடுங்கி அடுப்பில் போட்டாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

பறவையை விரட்டுவது சுலபம், அழைப்பது அப்படியல்ல. வேல்பாண்டி இருப்பதிலேயே நல்ல கேமராவை எடுத்துக் கொல்லையைப் பார்த்துப் பொருத்தினான். சொர்ணலதா கறிக்கடையிலிருந்து கோழிக்குடலும் ஈரலும் வாங்கிவந்து சுவரில் பரப்பினாள். அரை மணியில் வானம் வட்டமடிக்கும் பருந்துகளால் நிறைந்தது. பெரிது பெரிதாக, பழுப்பாக, வாலின் நடுவில் கத்தரித்த மாதிரி வெட்டு உள்ளவை. சாய்ந்து வந்து சுவரில் கால் படாமலே அள்ளிக்கொண்டு போயின. மூன்று பேரும் குழந்தையின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது அசையவில்லை. மறுநாள் தலையும் நெஞ்சும் வெளுத்த செம்பருந்து ஒன்று வந்தது. சொர்ணலதா கன்னத்தில் போட்டுக்கொண்டாள், கருடன் வந்த பிறகு எல்லாம் சரியாகிவிடும் என்றாள். தராசு அப்படிச் சொல்லவில்லை. கறி நாற்றத்தில் பக்கத்து வீட்டுச் சுருளிராஜன் இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டுப் போனார். இரண்டாவது தடவை கேட்டபோது வேல்பாண்டி அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டான். அவர் குழந்தையை எட்டிப் பார்த்தார். நம்ம பிரின்ஸ் சாரைக் கேளுங்க, அவருக்குப் பறவை விவகாரமெல்லாம் தெரியும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பிரின்ஸ் உத்தமபாளையம் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுப்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பைனாகுலரோடு மேகமலைக்கும் வைகை அணைக்கும் போய் வருவார். வேல்பாண்டி கேமராவில் பிடித்த படங்களையெல்லாம் காட்டியதும், இதெல்லாம் கரும்பருந்து, குப்பையிலும் பொறுக்கும், இது ஒன்று செம்பருந்து, உங்கள் வீட்டுக்கு வந்தது வேறு ஆள் என்றார். குழந்தை எடை கூடுவதைப் பற்றி அவர் ஒன்றும் அபிப்பிராயம் சொல்லவில்லை. அது தன் பாடத்தில் வராது என்று நினைத்திருக்கலாம். யுவராணியிடம் பறவை எப்படி இருந்தது என்று கேட்டார்.

"கண்ணு ரத்தச் செவப்பு சார். தொண்டைக்கு நடுவுல மையில கோடு போட்ட மாதிரி ஒண்ணு. நெஞ்சுல குறுக்கு வரி. காலு மஞ்ச."

"அப்ப வல்லூறுதாம்மா. செவந்த கண்ணுன்னா ஆணு. பொட்டை இதவிடப் பெருசா இருக்கும், அதுக்குக் கண்ணு கொஞ்சம் மஞ்சளா இருக்கும். ஆனா ஒண்ணு சொல்லிட்டுப் போறேன், இவுக உங்க புள்ளையத் தூக்கிட்டுப் போக மாட்டாக. ஆளே நூத்தம்பது கிராம் தேற மாட்டாக."

சொர்ணலதா அதைக் கேட்டு ஒரு பெருமூச்சு விட்டாள். இத்தனை நாளும் குழந்தையைத் தன் உடம்பால் மறைத்துக்கொண்டே கொல்லையில் நடந்தவள், அன்றைக்குத்தான் கையை வீசி நடந்தாள்.

அந்த வாரக் கடைசியில், முருங்கை மரத்தில் அது வந்து உட்கார்ந்திருப்பதை வேல்பாண்டி பார்த்தான். சாம்பல் முதுகு, நெஞ்சில் வரி, வாலில் பட்டை. அதைக் கண்டு குருவிகள் சிதறி ஓடின. வேல்பாண்டி பிரின்ஸுக்குப் படம் அனுப்பினான். வல்லூறேதான் என்று அவரும் பதில் அனுப்பினார். வீடே மூச்சு விட்டது. சொர்ணலதா கடையில் கேசரி வாங்கிவரச் சொன்னாள். பறவை முருங்கைப் பட்டையில் அப்பிக் கிடந்த கம்பளிப்பூச்சிகளைப் பொறுக்கிப் பொறுக்கித் தின்றது. இனியனின் தொண்டை அசைந்தது. மூன்று பேரும் கேசரியோடு பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் கழுத்திலிருந்து தொடை வரை சிவந்து தடித்து, வீல் என்று கத்தத் தொடங்கினான். எடை கூடியதா என்று பார்க்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மருந்து தடவி ராத்திரிக்குள் தடிப்பு அடங்கிவிட்டது. ஆனால் அந்தச் சின்ன உடம்பு கத்திய கத்தலில் இருந்த எடையும் கொஞ்சம் போயிருந்தது.

மறுநாள் யுவராணி கேமராப் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் இருந்தது, ஆனால் அந்தப் பார்வையில் கடுமை இல்லை. அலகு கொக்கி மாதிரி வளையாமல் நீட்டாக இருந்தது. கிளையைப் பிடித்திருந்த கால் புறாக்காலைப் போலச் சோனியாக இருந்தது. தொண்டையில் கோடு இல்லை. இது வேறு ஆள் சார் என்று அவள் போன் செய்தாள். பிரின்ஸ் படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்.

"நானே ஏமாந்துட்டேம்மா. இது அக்காக்குயில். வல்லூறு மாதிரியே சட்டை போட்டுக்கிட்டுத் திரியும். வெயில் காலத்துல கத்துனா தெரிஞ்சுபோகும், இப்ப வாயே தெறக்காது. பூச்சிதான் அதுக்குச் சாப்பாடு. புள்ள எப்படி இருக்கான்?"

பருந்துகள் ஏன் சேரவில்லை, குயில் ஏன் சேர்ந்தது என்று அப்போதும் பிறகும் யாரும் கேட்கவில்லை. சொர்ணலதா பந்தம் கட்டி முருங்கையில் இருந்த கம்பளிப்பூச்சிகளை ஒன்று விடாமல் பொசுக்கினாள். அன்றிலிருந்து எந்தப் பறவை வந்தாலும் யுவராணி பார்த்துச் சொன்ன பிறகே மற்றவர்கள் எதுவும் செய்ய வேண்டும் என்று வீட்டில் ஏற்பாடானது. அவள் நிறத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். வெயிலில் ஒரு நிறம், நிழலில் ஒரு நிறம், அது நம்பத் தகுந்ததல்ல. அலகையும் காலையும் தொண்டையையும் பார்த்தாள். வரும் விதத்தைப் பார்த்தாள். பருந்து உயரத்தில் நேரம் எடுத்துக்கொண்டு சுற்றும். வல்லூறு சுவருக்குக் கீழாக வேகமாக நாலு அடி அடித்து, ஒரு மிதப்பு மிதந்து, கடைசியில் மேலே எழும்பி உட்காரும். கடையில் ஒரு கண்ணைப் பார்த்ததும் கிட்டப் பார்வையா தூரப் பார்வையா என்று சொல்கிறவள் அவள். இது அதைவிடக் கஷ்டமாக இல்லை.

ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லியிருந்த நாளுக்கு முந்தின நாள் அது வந்தது. வழக்கம்போல அணில்கள் வாயை மூடின. சொர்ணலதா துவைகல்லில் துணியோடு அப்படியே உறைந்து நின்றாள். யுவராணி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு பார்த்தாள். கொக்கி அலகு, தொண்டையில் மைக்கோடு, ரத்தச் சிவப்புக் கண். அந்தக் கண் அவளையும் ஒரு கணம் பார்த்தது.

"இதுதான் மதினி" என்றாள், உதடு மட்டும் அசைய.

அன்று அது கொண்டுவந்தது அணில்குஞ்சு. தின்று முடிக்க வெகுநேரம் ஆனது. இனியன் தொண்டை ஏறியது, இறங்கியது, ஏறியது. கடைசியில் அவன் ஏப்பம் விட்டுக் கண்ணைத் திறந்து பாலுக்கு வாயைத் திருப்பினான். வாரக்கணக்கில் அவன் தானாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. சொர்ணலதா துவைகல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். சோப்பு நுரைக் கையோடு முகத்தைப் பொத்திக்கொண்டதில் கண் எரிந்தது என்று பிறகு சொன்னாள்.

அதன் பிறகு மாசி மாதம் முழுக்க நன்றாகப் போனது. விஷயம் தெருவில் பரவியது. பரவியதால் கெட்டுப்போகவும் இல்லை. எதிர் வீட்டில் எலிமருந்து வைப்பதை நிறுத்தினார்கள், மருந்து தின்ற எலியை வல்லூறு தின்றுவிட்டால் என்ன ஆவது என்று. கவண் வைத்திருந்த பையன்கள் அதைத் தாங்களாகவே கொண்டுவந்து வேல்பாண்டியிடம் கொடுத்தார்கள். பால் ஊற்ற வருகிறவர் தினமும், இன்னைக்கு என்ன சாப்பாடு உங்க வீட்ல என்று கேட்டுவிட்டுப் போனார். டாக்டரம்மாவிடமும் சொன்னார்கள். அவர் ஏதோ எழுதிக்கொண்டே கேட்டுவிட்டு, எப்படியோ ஏறுதுல்ல, தாய்ப்பாலை நிறுத்திடாதம்மா என்றார்.

ஒரு வியாழக்கிழமை முற்பகலில் அந்தச் சத்தம் கேட்டது. சுருளிராஜன் அப்போதுதான் மாடியில் புதிதாக அறை எடுத்து, வானமும் மரமும் அப்படியே தெரிகிற மாதிரிக் கறுப்புக் கண்ணாடி ஜன்னல் வைத்திருந்தார். மைனாவைத் துரத்திக்கொண்டு வந்த வல்லூறு கண்ணாடிக்குள் தெரிந்த வானத்தை வானம் என்று நினைத்து நேராக அதில் போய் மோதியது. யுவராணி உள்ளே கட்டிலில் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். குடித்துக்கொண்டிருந்த இனியன் நிறுத்தினான். அவன் வாய் திறந்தபடியே நழுவியது. கை துணி மாதிரித் தொங்கியது. மூச்சு இருந்தது. கன்னத்தைத் தட்டினாள், பாதத்தைச் சுண்டினாள், பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் கண்ணைத் திறக்கவில்லை.

வேல்பாண்டி பெரியகுளத்தில் வேலையில் இருந்தான். யுவராணி குழந்தையோடு தெருவுக்கு ஓடிவந்தபோது ஆட்டோக்காரர் கோட்டைச்சாமி வண்டியைத் திருப்பி வைத்து நின்றார். அதற்குள் சொர்ணலதா சுவர் ஏறிக் குதித்து, கண்ணாடிக்குக் கீழே மண்ணில் சிறகு விரிந்து கிடந்த வல்லூறைத் துண்டில் சுற்றி எடுத்து, சுருளிராஜன் நீட்டிய செருப்பு அட்டைப்பெட்டிக்குள் வைத்து, பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். இருபது வருஷமாகப் பருந்து இனத்தோடு போராடியவளின் கையில் அது கோழிமுட்டைத் தட்டு மாதிரி இருந்தது. போகும் வழியில் பிரின்ஸுக்குப் போன் போட்டாள்.

"தண்ணி ஊத்தலாமா சார்?"

"ஊத்தாதீக. பெட்டி இருட்டா இருக்கட்டும், திறந்து திறந்து பார்க்காதீக. அடி பலமா இல்லன்னா அதுவா முழிச்சுக்கும்."

"பலமா இருந்தா?"

அவர் பதில் சொல்லும் முன் சிக்னல் போய்விட்டது.

மதுரை ரோட்டில் ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. முன்னால் இரண்டு பஸ், வாழைத்தார் லாரி, கணக்கில்லாத பைக்குகள். கோட்டைச்சாமி ஹாரனை அழுத்திப் பார்த்தார், இறங்கிப் போய்க் கத்திப் பார்த்தார், திரும்பி வந்து ஹேண்டில்பாரில் தலையைச் சாய்த்துக்கொண்டார். யுவராணி குழந்தையின் மூக்குக்குக் கீழே விரலை வைத்தபடி இருந்தாள். மூச்சு வந்தது, மெலிதாக, இடைவெளி விட்டு விட்டு. சொர்ணலதா பெட்டி மேல் காதை வைத்திருந்தாள். உள்ளே ஒன்றும் கேட்கவில்லை. வீரபாண்டி கௌமாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறேன் என்று அவள் முணுமுணுத்தாள். யாருக்காக என்று சொல்லவில்லை, பிள்ளைக்கா பறவைக்கா என்று பிரிக்கவும் அப்போது வழி இல்லை. ரயில் வந்தது. அது கடந்து போகிற வரை தரையும் ஆட்டோவும் அதிர்ந்தன. கடைசிப் பெட்டியும் போய்ச் சத்தம் அடங்கியதும், அட்டைப்பெட்டிக்குள்ளிருந்து நகம் கீறுகிற சத்தம் வந்தது.

சொர்ணலதா யுவராணியைப் பார்த்தாள். யுவராணி மகனின் கையைப் பார்த்தாள். விரல்கள் மடங்கி அவள் சேலை நூலைப் பிறாண்டிக்கொண்டிருந்தன.

"திறந்து விடுங்க மதினி."

மூடியைத் தூக்கியதும் வல்லூறு ஒரே எட்டில் சொர்ணலதாவின் முழங்காலில் ஏறி நின்றது. இறகைச் சிலுப்பியது. தலையைச் சாய்த்துக் குழந்தையைப் பார்த்தது. போகிற போக்கில் அவள் கட்டைவிரலை ரத்தம் வரக் கடித்துவிட்டு, ஆட்டோவின் பக்கவாட்டில் புகுந்து, பைக்கில் இருந்தவர்கள் தலைக்கு மேலாக நாலு அடி அடித்து மிதந்து, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் புளியமரத்தில் போய் உட்கார்ந்தது. இனியன் அழுதான். அதுவரை அவன் அழுகை பூனைக்குட்டியின் முனகல் மாதிரிதான் இருக்கும். அன்று கேட்டில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதான். பக்கத்து பைக்கில் இருந்தவர், புள்ளைக்குப் பசி போல, பாலக் குடும்மா என்றார். யுவராணி சிரித்தாளா அழுதாளா என்று கோட்டைச்சாமிக்குக் கண்ணாடியில் சரியாகத் தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று க.விலக்கு போனார்கள். சொர்ணலதாவுக்கு ஊசி போட்டு விரலைக் கட்டிவிட்டார்கள். இனியனை ஒரு நாள் வைத்திருந்து எல்லாம் பார்த்துவிட்டு, ஒரு குறையும் இல்லை, இரண்டு கிலோவையும் தாண்டிவிட்டான், கூட்டிக்கொண்டு போங்கள் என்று டாக்டரம்மா அனுப்பிவைத்தார். பஸ்ஸைப் பிடித்து ஓடி வந்த வேல்பாண்டி அந்த வார்த்தையைக் கேட்டதும் மகனைக் கையில் வாங்கியவன், வீடு வரும் வரை யாரிடமும் கொடுக்கவில்லை.

சுருளிராஜன் மறுநாளே ஜன்னல் கண்ணாடி முழுக்க வெள்ளைக் காகிதத்தை வெட்டி ஒட்டினார். பங்குனியில் வல்லூறு தன்னைவிடப் பெரிய, மஞ்சள் கண்ணுள்ள பெட்டையைக் கூட்டிக்கொண்டு வந்து அவர் வீட்டு மாமரத்திலேயே கூடு கட்டியது. பிடித்ததையெல்லாம் கூட்டுக்குக் கொண்டுபோய்விட்டுத் தான் குறைவாகவே தின்றது. வேல்பாண்டி முதலில் கவலைப்பட்டான். ஆனால் அதற்குள் இனியன் பாலைக் கேட்டு வாங்கிக் குடிக்கிறவனாகியிருந்தான். சித்திரைக் கடைசியில் வீரபாண்டித் திருவிழாவில் சொர்ணலதா தீச்சட்டி எடுத்தபோது, யுவராணி இடுப்பில் அவனை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ள வேண்டிவந்தது, கை வலித்ததால். எந்த நாளில் அந்தத் தொடர்பு அறுந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒரு காலையில் வல்லூறு சுவரில் உட்கார்ந்து ஓர் எலியை முழுசாகத் தின்றது. இனியன் வாயை மூடிக்கொண்டு தூங்கினான், தொண்டை அசையவில்லை. யுவராணி அதைப் பார்த்துவிட்டு, தராசைத் துடைத்துப் பக்கத்துத் தெருப் பழக்கடைக்கு விற்றுவிடச் சொன்னாள். அன்றிரவு புருஷனும் பெண்டாட்டியும் விடிகிற வரை எழுந்திருக்காமல் தூங்கினார்கள்.

இப்போது இனியன் நடக்கிறான். யுவராணி மறுபடியும் கண்ணாடிக் கடைக்குப் போகிறாள். போன மாதம், இனியனை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்ட நர்ஸ் பவானி கடைக்கே வந்து, பங்களாமேட்டில் வேல்விழி என்ற பெண்ணுக்குக் குறைமாதத்தில் இரட்டைப் பிள்ளைகள், இரண்டும் எடை ஏறவில்லை, கொல்லையில் என்னவோ பறவை வருகிறதாம், ஒரு எட்டு வந்து பார்த்துச் சொல்லுங்கள் என்று கூப்பிட்டாள். யுவராணி சாப்பாட்டு நேரத்தில் போனாள். வேல்விழி இரண்டு குழந்தைகளையும் இரண்டு தோளில் போட்டுக்கொண்டு பின்வாசலில் நின்றாள். தூங்கி எத்தனை நாள் ஆயிற்றோ, நின்றபடியே சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தாள். தண்ணீர்த் தொட்டி விளிம்பில் ஒன்று உட்கார்ந்து பல்லியைத் தின்றுகொண்டிருந்தது. யுவராணி அலகைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், தொண்டையைப் பார்த்தாள்.

"வல்லூறுதான். பயப்படாதீக, விரட்டாம மட்டும் இருங்க."

இடது தோளில் இருந்த குழந்தை ஏப்பம் விட்டது. வேல்விழி அதைப் பார்த்தாள், பிறகு வலது தோளைப் பார்த்தாள். அந்தப் பிள்ளை வாயைத் திறந்து வெறுமனே காத்திருந்தது.

"அப்ப இவளுக்கு, அக்கா?"

"கொஞ்சம் பொறுங்க" என்றாள் யுவராணி. பவானி டீ கொண்டுவந்து கொடுத்தாள். பாதி டீ குடிக்கும்போது வேப்பமரத்துக்கும் சுவருக்கும் நடுவில் பெரிய ஒன்று, மஞ்சள் கண்ணுடையது, தாழப் பறந்து வந்து தொட்டியின் மறு விளிம்பில் ஏறி உட்கார்ந்தது. அதன் காலில் கொழுத்த ஓணான் ஒன்று இருந்தது.